ஆடிப் பதினெட்டில் பிறக்கும் புத்தாண்டு

காவிரிக் கரையில் ஆடிப்பெருக்கு நீருக்குரிய விழா. எங்கள் பகுதியில் அது தாளுக்குரிய விழா. ஆறு என்று சொல்லி அழைத்துப்போய்க் காட்டினால் தஞ்சை நண்பர்கள் சிரித்துவிடக்கூடிய மணற்கோடுகளே கிடக்கும் சிவகாசி, திருத்தங்கல் வட்டாரத்தில், ஆடிப் பதினெட்டாம் நாள் காலண்டர் நிறுவனங்களில் பூசை போட்டு, வரப்போகும் ஆண்டின் ஆல்பத்தை வெளியிடுவார்கள். ஆல்பம் என்பது மாதிரித் தொகுப்பு. இந்த ஆண்டு எந்த முருகன், எந்த இலக்குமி, எந்தக் குழந்தை, எந்த மலையருவி என்று அத்தனை படங்களும் அளவுவாரியாக, விலைவாரியாகக் கோக்கப்பட்டிருக்கும். முகவர்கள் அதைப் பையில் இட்டுக்கொண்டு வெளியூர்களுக்குப் புறப்படுவார்கள். அடுத்த சனவரி முதல் நாள் மணப்பாறையில் ஒரு மளிகைக் கடைக்காரர் தம் வாடிக்கையாளர் கையில் சுருட்டிக் கொடுக்கப்போகும் காலண்டரின் அடியில் என்ன எழுத்தில் கடைப்பெயர் அச்சாக வேண்டும் என்பது ஆவணி, புரட்டாசியிலேயே முடிவாகிவிடும். ஆகவே புத்தாண்டு உலகத்துக்கெல்லாம் மார்கழி நடுவில் பிறக்கிறது என்றால், எங்களுக்கு ஆடியிலேயே பிறந்துவிடுகிறது.

பிறருடைய பண்டிகைகளை முன்கூட்டியே செய்து அனுப்பிவிட்டு, அவை வரும் நாளில் ஓய்ந்து கிடக்கும் ஊர் இது. தீபாவளிக்கு வெடி, பொங்கலுக்கும் புத்தாண்டுக்கும் வாழ்த்தட்டை (அது ஒரு காலம்), பள்ளி திறக்கும் ஆனிக்கு நோட்டுப் புத்தகம், தேர்தலுக்குச் சுவரொட்டி, ஊர்க் கொடைக்கு வண்ண அறிவிப்பு, முகூர்த்த மாதங்களுக்குத் திருமண அழைப்பிதழ். இவற்றுள் எந்த ஒன்றும் எங்கள் ஊர் நாட்காட்டியில் அதற்குரிய நாளில் நடப்பதில்லை. சில மாதம் முன்னதாகவே நடந்து முடிந்துவிடும்.

சென்னையில் மார்கழியும் தையும் இசை, நூல், நாட்டார் கலை என்று ஒரு தொடர் கலைப்பருவமாகிவிட்ட பிறகு, அந்தப் பருவத்தின் பயன் சிறு வணிகருக்கும் சிறு தொழிலுக்கும் போய்ச் சேர என்ன வழி என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. விழாவால் ஊருக்கு வருமானம் என்பது எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கூற்று. ஊரில் யாருக்கு என்று கேட்கும்போதுதான் அவை அமைதியாகிவிடும். அந்தக் கேள்விக்கு எங்கள் பகுதி வரலாற்றில் சில விடைகள் உண்டு. எல்லாம் நல்ல விடைகள் என்று சொல்ல மாட்டேன்.

*

திருத்தங்கலைத் திவ்வியதேசமாக அறிந்தோர் பலர். குன்றின் மேல் நின்ற நாராயணப் பெருமாள் கோயில். நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று. பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடியது. தமிழ் படித்தவர்களுக்கு இவ்வூர் அதற்கும் முந்தைய பெயரான தங்கால் என்பதால் நெருக்கமானது. சங்கத் தொகைகளில் ஊர்ப்பெயரோடு வரும் புலவர் சிலர் இவ்வூரார். அவர்களுள் என் மனத்துக்கு உகந்தவர் தங்கால் பொற்கொல்லனார். தொழிற்பெயரே பெயராக நின்றவர்; கையால் தொழில் செய்த ஒருவர் கவிதையும் எழுதினார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. (சிலப்பதிகாரம் பொற்கொல்லருக்குச் சேர்த்துவைத்த கெட்ட பெயரை நினைக்கும்போது, பாண்டி நாட்டிலேயே பொற்கொல்லர் ஒருவர் புறநானூற்றில் இடம்பெற்றிருப்பது எனக்கு ஓர் ஆறுதல்.)

அவருடைய புறப்பாட்டில், 326ஆம் பாட்டில், ஓர் இரவுக் காட்சி வருகிறது. ஊர் வேலியோரம் காட்டுப்பூனை நடமாடுகிறது. இருட்டில் அஞ்சிய இளம் பேடைக்கோழி கதறுகிறது. அந்நேரத்தில் பஞ்சு வேலை செய்யும் பெண்ணொருத்தி பருத்தியின் தூசியையும் செத்தையையும் புடைத்து நீக்குவதற்காக எழுந்திருக்கிறாள். அவள் ஏற்றிய சிறு விளக்கின் ஒளியில் செங்கொண்டைச் சேவலைக் கண்டு பேடை அச்சம் தணிகிறது. வீரன் ஒருவனின் மனையைப் புகழ எழுந்த பாட்டு இது. ஆனால் படித்து முடித்த பின் நினைவில் தங்குவது வீரனோ அவன் போரோ அல்ல, ஊர் உறங்கும் சாமத்தில் எழுந்து வேலை செய்யும் அந்தப் பெண்தான். இரவில் வேலை செய்தவர்தான் இரவில் வேலை செய்பவளைக் கவனித்திருக்க முடியும் என்று வகுப்பில் சொல்வேன். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் திருத்தங்கல் தெருக்களில் இரவு பத்து மணிக்கு மேல் நடந்தால், தாள் அடுக்குவதும் தகரப்பட்டை பூட்டுவதுமாக வீட்டு முன்னறைகளில் விளக்கெரிவதைப் பார்க்கலாம். பொற்கொல்லனாரின் பாட்டுக்கு வேறு உரை தேவையில்லை என்று தோன்றும்.

தங்காலின் இன்னொரு கதை சிலப்பதிகாரக் கட்டுரை காதையில் இருக்கிறது. மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் கதை. சோழ நாட்டுப் பராசரன் சேரனிடம் வாதில் வென்று பெற்ற பரிசிலோடு ஊர் திரும்பும் வழியில் தங்காலில் இளைப்பாறுகிறான். வார்த்திகன் என்பானின் மகன் சிறுவன் தட்சிணாமூர்த்தி பிழையின்றி வேதம் ஓதக் கேட்டு மகிழ்ந்து அணிகளைப் பரிசாக அளிக்கிறான். திடீரென்று செல்வம் கண்ட குடும்பத்தைப் பார்த்த அரசு அலுவலர், புதையலைக் கவர்ந்ததாகக் குற்றஞ்சாட்டி வார்த்திகனைச் சிறையிடுகின்றனர். அவன் மனைவி கார்த்திகை அழுகிறாள். ஐயை கோயிற் கதவு திறவாது நிற்கிறது. பாண்டியன் உண்மையறிந்து வார்த்திகனை விடுவித்து, தங்காலையும் வயலூரையும் அவனுக்கு அளித்து, நிலத்தில் விழுந்து வணங்கியபின் கதவு திறக்கிறது.

இதுவரை பலரும் மேடைகளில் சொல்வர். அதன்பின் வரும் சில அடிகளை அவ்வளவாகச் சொல்வதில்லை. மன்னன் யானைமேல் முரசறைவித்து மூன்று ஆணைகளை அறிவிக்கிறான்: சிறைகளைத் திறந்துவிடுக, வரி செலுத்த இயலாது கடன்பட்டோரின் நிலுவையைத் தள்ளுக, புதைத்ததாயினும் கண்டெடுத்ததாயினும் பொருள் அதைப் பெற்றவருக்கே உரியது. ஒரு சிற்றூரான் மேல் தவறாகப் பாய்ந்த வரி அதிகாரத்தின் கதை, நாடு முழுவதற்குமான வரிநீக்கத்தில் வந்து முடிகிறது. கண்ணகி கதைக்குள் இக்கதை ஏன் வந்தது என்பதற்கு ஆய்வாளர் பல காரணம் கூறுவர். எங்கள் ஊர்ப் பெயர் தமிழ்க் காப்பியத்தில் வருமிடம் ஒரு வரிச் சிக்கல் என்பதை நான் தற்செயலாக எடுத்துக்கொள்வதில்லை.

*

விழாவும் கடையும் பிரியாதவை என்பதற்குத் தமிழ் இலக்கியத்தில் சான்றுக்குப் பஞ்சமில்லை. இந்திர விழவு ஊரெடுத்த காதையில் இளங்கோ புகாரின் மருவூர்ப்பாக்கத்தை வருணிக்கும்போது பிட்டு விற்பவர், அப்பம் சுடும் கூவியர், கள் விற்கும் பெண்டிர், மீன் விற்கும் பரதவர், உப்பு விற்பவர், வெற்றிலை விற்பவர் என்று தெருவோர வணிகரை முதலில் வரிசைப்படுத்துகிறார். பெருவணிகரும் அரச வீதியும் பட்டினப்பாக்கத்துக்குத் தள்ளிப்போகின்றன. மணிமேகலையின் விழாவறை காதையோ விழாவுக்கு இருபத்தெட்டு நாள் என்று கணக்கும் கொடுக்கிறது. முரசறைந்து நாள் சொல்வது அலங்கார வருணனை மட்டுமன்று. எந்த நாளில் தொடங்கும், எத்தனை நாள் நடக்கும் என்பது உறுதியாகத் தெரிந்தால்தான் பிட்டு விற்பவள் எத்தனை படி அரிசி ஊறப்போடுவது என்று தீர்மானிக்க முடியும். மதுரைக்காஞ்சி நாளங்காடி, அல்லங்காடி என்று பகலையும் இரவையும் பிரித்துக் காட்டுகிறது. விழாக்காலக் கடைவீதி பகலோடு முடிவதன்று என்பதை மாங்குடி மருதனார் அறிந்திருந்தார்.

பிற்காலத்தில் திருமலை நாயக்கர் (ஆட்சி 1623-1659) மாசியில் நடந்த மீனாட்சி திருமணத்தைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு சேர்த்தார் என்பது மதுரை மரபு. சைவ, வைணவ ஒற்றுமைக்காகச் செய்தார் என்பர். அறுவடை முடிந்து கையில் காசும் ஓய்வும் உள்ள காலத்தில் குடியானவர்கள் வந்து சேர்வதற்கும், சித்திரையில் கூடும் மாட்டுச் சந்தைக்கும் இந்த மாற்றம் எவ்வளவு பொருந்தியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விழாவின் நாளை நிர்ணயிப்பதே ஒரு பொருளாதாரச் செயல்.

ஆனால் காப்பியங்களும் கோயில் மரபும் ஒன்றைச் சொல்வதில்லை. இருபத்தெட்டு நாள் விழா முடிந்த பின் பிட்டு விற்றவளின் கையில் என்ன மிஞ்சியது? முதலுக்கு யாரிடம் கடன் வாங்கியிருந்தாள்? மழை பெய்து விழா கெட்டிருந்தால் யார் தாங்கினார்? இக்கேள்விகளுக்கு விடை தேட மேலும் சில நூற்றாண்டு கீழிறங்கி, எங்கள் கரிசல் காட்டுப் பேட்டைகளுக்கு வர வேண்டும்.

*

சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகிய ஊர்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைபெற்ற நாடார் வணிகர்கள் பேட்டை என்ற அமைப்பைக் கட்டினார்கள். மாட்டு வண்டிகளை அவிழ்த்துவிடவும், சரக்கைக் காவலோடு வைக்கவும், வணிகர் தங்கவும் மதில் சூழ்ந்த இடம். அந்த இடத்தைப் பயன்படுத்திய சரக்கு ஒவ்வொன்றுக்கும், மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை எடுக்கப்பட்டது. அதன் பெயர் மகமை. மகமைப் பணம் உறவின்முறை என்ற ஊர்ப்பொதுவின் கையில் சேர்ந்தது. அதிலிருந்து கிணறு, சாவடி, கோயில், விழா, பிற்காலத்தில் பள்ளி என்று எல்லாம் நடந்தன. இராபர்ட் ஆர்ட்கிரேவ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1969இல் வெளியிட்ட நாடார் வரலாற்று நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

மகமையின் நுட்பம் எங்கே இருக்கிறது என்றால், அது விற்றால் மட்டும் எடுக்கும் காணிக்கை என்பதில். இந்த ஆண்டு வணிகம் படுத்தால் மகமையும் படுக்கும். வணிகம் எழுந்தால் பொதுநிதியும் எழும். இன்று விழாக்களில் கடை போடுபவர் முதல் நாளே முழு வாடகையைக் கட்டிவிட்டு, மழையோ வெயிலோ தலையெழுத்து என்று உட்கார்ந்திருக்கிறார். மகமை அதற்கு நேர் எதிர். விழாவில் பிறக்கும் பணத்திலேயே விழாவை நடத்தி, மிச்சத்தில் ஊருக்கு ஒரு நிலையான சொத்தையும் ஆக்கிவைக்கும் ஏற்பாடு அது.

விருதுநகரில் (அப்போது விருதுபட்டி) சத்திரிய வித்தியாசாலை அந்த வழியில்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. காமராசர் படித்த பள்ளி. வீடுதோறும் நாள்தோறும் ஒரு பிடி அரிசி எடுத்துவைத்து அந்தப் பள்ளியை நடத்தினார்கள் என்பதை அவர் வரலாற்றை எழுதிய பலரும் குறிப்பிட்டுள்ளனர். பங்குனிப் பொங்கலுக்கு பராசக்தி மாரியம்மன் கோயிலில் விழா எடுக்கும்போது, அதையொட்டிப் பொருட்காட்சி நடப்பது விருதுநகர் வழக்கம். அந்தத் திடலும் கே.வி.எஸ். என்று எல்லோரும் சுருக்கமாகச் சொல்லும் இப்பள்ளியின் திடல்தான். மாலையில் அம்மனைப் பார்த்துவிட்டு இராட்டினம், அப்பளம், பாத்திரக் கடை, வளையல் கடை என்று சுற்றி வந்த நினைவு இந்த மாவட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் இருக்கும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் வரலாறு ஆகாது. கோயிலுக்குள் நுழையும் உரிமை மறுக்கப்பட்ட சமூகம் தனக்கென்று கோயிலும் விழாவும் பள்ளியும் கட்டிக்கொண்ட கதை இது. 1899இல் சிவகாசியில் நடந்த கொள்ளையும் கொலையும் தீவைப்பும், விசுவநாதர் கோயில் நுழைவு உரிமையை ஒட்டி மூண்ட பகையின் விளைவு. விழாவில் யார் கடை போடலாம் என்பதற்கு முன்னால், விழாவில் யார் நிற்கலாம் என்ற கேள்வி இருந்தது. அதோடு, மகமை கட்டிய காப்பு மதில் ஒரு சாதியின் உள்ளே நின்றது. பேட்டைக்கு வெளியே தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்கியவரும், சரக்கைச் சுமந்தவரும் அதன் பொதுநிதியில் பங்காளிகள் அல்லர். பள்ளிக் கதவு பிறருக்கும் திறந்ததை நான் குறைத்துப் பேசவில்லை. உறவின்முறைக் கணக்கேடு திறக்கவில்லை என்பதையே சொல்கிறேன்.

*

1922இல் ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்து 1923இல் சிவகாசியில் தொடங்கியது பலமுறை எழுதப்பட்ட கதை. சுவீடன் நாட்டுப் பெருநிறுவனம் விம்கோ என்ற பெயரில் இந்தியாவில் கால்வைத்ததும் அதே 1923இல்தான். எந்திரமும் முதலும் உலகச் சந்தையும் ஒரு பக்கம். வெயிலும் வறட்சியும் வேலையற்ற கைகளும் மறுபக்கம். மழை பொய்ப்பதே தொழிலுக்கு மூலதனமான விந்தை இப்பகுதியில் நடந்தது. 1934இல் தீப்பெட்டிக்குக் கலால் வரி வந்தது. விடுதலைக்குப் பின் ஆலைகளை உற்பத்தி அளவின்படி வகைப்படுத்தி, கைத்தொழிலாகச் செய்யும் சிறு ஆலைக்குக் குறைந்த வரி என்ற ஏற்பாடு உருவானது. அந்த வரி வேறுபாடு இல்லாவிட்டால் எந்திரத் தீப்பெட்டிக்கு முன்னால் கைத்தீப்பெட்டி நின்றிருக்காது. தங்கால் வார்த்திகனின் பொருட்டுப் பாண்டியன் அறைவித்த முரசு பல நூற்றாண்டு கழித்துத் தில்லியில் ஒலித்தது என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேடிக்கையின் மறுபாதி: சலுகை பெறும் பொருட்டே பெரிய முதல் பல சிறு பெயர்களில் பிரிந்து நின்றதும் நடந்தது. சிறியவருக்கென்று கொடுப்பதைப் பெரியவர் சிறியவராக வேடமிட்டு வாங்கிக்கொள்வது நம் நாட்டில் தீப்பெட்டியோடு நிற்கவில்லை. சரக்கு சேவை வரி 2017இல் வந்தபோது கைத்தீப்பெட்டிக்கு 5, எந்திரத் தீப்பெட்டிக்கு 18 விழுக்காடு என்றிருந்தது. 2020 ஏப்ரலில் இரண்டுக்கும் 12 என்று சமன் செய்தார்கள்.

தீப்பெட்டிக்கு மேல் ஒட்ட ஒரு படம் வேண்டும். வெடிக்கட்டுக்கு மேல் ஒட்டவும் படம் வேண்டும். அந்தப் படத்தை வெளியூரில் அச்சிட்டு வாங்குவானேன் என்ற கேள்வியிலிருந்து சிவகாசி அச்சுத்தொழில் பிறந்தது. கல்லச்சில் தொடங்கி ஆஃப்செட் வரை வந்த அந்தத் தொழில், பட்டாசுக்குப் பரிவாரமாகத் தொடங்கிப் பட்டாசு இல்லாத மாதங்களிலும் ஊருக்குச் சோறு போடும் தொழிலாயிற்று. ஒரே பருவத்தை நம்பிய ஊர் இன்னொரு பருவத்தைத் தானே கண்டுபிடித்துக்கொண்டது.

இங்கே கலை உலகின் ஒரு பருவம் முடிந்து இன்னொன்று தொடங்கிய இடத்தில் நின்ற ஒருவரைச் சொல்ல வேண்டும். கொண்டையராஜு (1898-1976). சென்னையில் ஓவியம் பயின்று, இரமணாசிரமத்தில் சிலகாலம் இருந்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதும் கலைஞராக ஊர் ஊராகச் சென்றவர். கம்பெனி நாடகத்தின் காலம் முடிந்தது. சினிமா வந்துவிட்டது. திரைச்சீலை எழுதியவர்கள் என்ன செய்வது? கொண்டையராஜு கோவில்பட்டியில் தங்கினார். சீடர்கள் சேர்ந்தார்கள். நாடகத் திரையில் தோன்றிய அரண்மனைத் தூண்களும் நீல வானமும் அருவிகளும், இப்போது தெய்வங்களுக்குப் பின்னால் காலண்டரில் வந்து நின்றன. முன்னால் நின்ற இராசபார்ட்டின் இடத்தில் முருகன். சிவகாசி அச்சகங்களுக்கு வேண்டிய சித்திரத்தைக் கோவில்பட்டி கொடுத்தது. கோவில்பட்டி ஓவியனுக்கு வேண்டிய மாதச் சோற்றைச் சிவகாசி கொடுத்தது. தமிழகத்தின், ஏன், இந்தியாவின் பல வீட்டுப் பூசையறைகளில் வழிபடப்பட்ட முகங்கள் இந்த ஐம்பது கிலோமீட்டருக்குள் உருவானவை. இதைக் கலை என்று ஒப்புக்கொள்ள நம் இலக்கிய இதழ்களுக்கு வெகுகாலம் பிடித்தது. எனக்கும்தான்.

*

சென்னைக் கலைப்பருவத்தின் தொடக்கம் 1927 திசம்பர். காங்கிரசு மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாடு. அதன் தொடர்ச்சியாக 1928இல் மியூசிக் அகாதெமி. பிறகு சபைகள் பெருகின. சபைகளோடு அவற்றின் சிற்றுண்டிச் சாலைகளும் பெருகி, கச்சேரிக்குப் போகாமல் அடைக்கு மட்டும் போகிறவர் என்ற ஒரு இனமே உருவாகியிருக்கிறது. சமையற்காரர் ஒருவரின் கைமணம் ஒரு மார்கழியில் பரவி, அடுத்த தையில் பத்துத் திருமணத்துக்கு அழைப்பு வருவது உண்டு. கலைப்பருவத்தால் சிறு தொழில் பயன்பெற்றதற்குச் சென்னை தரும் தெளிவான எடுத்துக்காட்டு அதுவே. அதைப்பற்றி என்னைவிடச் சுவையாக எழுதத்தக்கவர் பலர் உள்ளதால் விட்டுவிடுகிறேன்.

புத்தகக் காட்சி 1977இல் அண்ணா சாலைப் பள்ளி வளாகம் ஒன்றில் இருபத்திரண்டு அரங்குகளோடு தொடங்கியது. இன்று பல நூறு அரங்குகள். தமிழ்ப் பதிப்பாளரின் ஆண்டு சித்திரையில் தொடங்குவதில்லை, தையில் தொடங்குகிறது என்பது இவ்விதழ் வாசகருக்குப் புதிய செய்தியன்று. கார்த்திகையில் மெய்ப்பு, மார்கழியில் அச்சு, தையில் அரங்கு. இங்கே எங்கள் ஊரோடு ஒட்டிய ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரித்துச் சொல்ல ஆசை.

சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியது. சௌந்திரபாண்டியன் தொடங்கியது. முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. 1984இல் அவர் மகன் விஜயன் லயன் காமிக்ஸ் தொடங்கினார். என் தலைமுறையில் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட சிறுவருள் பாதிப் பேராவது பாடநூலை விட இவற்றுக்கே கடன்பட்டவர்கள். (தமிழ்த்துறையில் இதை ஒப்புக்கொண்டால் மதிப்புக் குறையும் என்று அஞ்சிய காலம் உண்டு.) ஊருக்கு ஊர் முகவர், பேருந்து நிலையக் கடை, விற்றபின் பணம் என்ற பழைய முறையில் அவை பரவின. தொலைக்காட்சி பரவிய பின் அந்த முறை தளர்ந்தது. இதழ்கள் எப்போது வரும் என்று தெரியாத நிலை வந்தது. முகவரிடம் நிற்கும் பணம் திரும்பாவிட்டால் அடுத்த இதழுக்குத் தாள் வாங்க முடியாது. சிறு பதிப்பாளரின் சாவு பெரும்பாலும் எழுத்தால் வருவதில்லை, நிலுவையால் வருகிறது.

2012 சனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிப் பருவத்தில் லயன் காமிக்ஸ் மறுவருகைச் சிறப்பிதழ் ஒன்றை வெளியிட்டது. பழைய சாணித்தாள் இல்லை. வழவழப்பான தாள், முழு வண்ணம், விலை நூறு ரூபாய். பத்து ரூபாய்க்குக் காமிக்ஸ் வாங்கிப் பழகியவர்கள் வாங்கினார்கள். நாற்பதைத் தாண்டிய ஆண்கள், அலுவலகப் பையோடு, பள்ளிப் பிள்ளைகளின் முகத்தோடு நின்றார்கள். அடுத்த 2013 சனவரியில் நானூறு ரூபாய்க்குச் சிறப்பிதழ் வந்தபோதும் வாங்கினார்கள். அதன்பின் அந்நிறுவனம் முகவர் கடனை விட்டுச் சந்தாவுக்கும் நேரடி விற்பனைக்கும் மாறி, புத்தகக் காட்சிகளைத் தன் ஆண்டின் தூண்களாக நட்டுக்கொண்டது.

இதில் நகரத்துக் கலைப்பருவம் செய்தது என்ன? வாசகரை உண்டாக்கவில்லை; அவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள், சிதறிக் கிடந்தார்கள். அச்சுத் திறனையும் அது கொடுக்கவில்லை. அது சிவகாசியில் கொட்டிக் கிடந்தது. ஒரு நாளையும் ஓர் இடத்தையும் கொடுத்தது. கையோடு காசு தரும் கூட்டத்தைக் கொடுத்தது. அதைவிட முக்கியமாக, ஒரு கெடுவைக் கொடுத்தது. தைக்குள் முடித்தாக வேண்டும். மணிமேகலையின் வள்ளுவன் முரசறைந்து சொன்னதும் இதே செய்திதான். அந்த முரசு தடுமாறினால் என்னவாகும் என்பதைப் பெருந்தொற்றுக் காலத்தில் பார்த்தோம். 2021, 2022 ஆகிய இரு ஆண்டும் சென்னைப் புத்தகக் காட்சி சனவரியிலிருந்து தள்ளிப்போனது. பெரிய பதிப்பகம் அதைத் தாங்கும். மனைவியின் நகையை வைத்து மூன்று நூல் போட்டவருக்கு ஒரு மாதத் தள்ளிவைப்பு என்பது ஒரு மாத வட்டி.

*

பருவத்தை நம்பும் தொழிலின் அடிவயிறு எவ்வளவு மெல்லியது என்பதை 2018 காட்டியது. அந்த ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு மட்டுமே, பேரியம் கூடாது, சரவெடி கூடாது, வெடிப்பதற்கு இரண்டு மணி நேரம் என்று தீர்ப்பளித்தது. தீபாவளி நவம்பர் 6. சரக்கெல்லாம் அதற்கு முன்பே ஊரை விட்டுப் போயிருந்தது. பணம் மட்டும் வரவில்லை. பட்டாசில் மொத்த வணிகர் கணக்குத் தீர்ப்பது பெரும்பாலும் தீபாவளிக்குப் பிறகுதான். நவம்பரில் ஆலைகளை மூடினார்கள். 2019 தொடக்கத்தில் சில மாதம் வரை மூடியே கிடந்தன. ஆலை மூடியதை நாளிதழ்கள் எழுதின. ஆலைக்கு உறை அச்சிட்ட சிறு அச்சகம், குழாய் சுருட்டிக் கொடுத்த வீடு, அட்டைப்பெட்டி ஒட்டிய வீடு, சுமைவண்டிக்காரர், ஆலை வாசல் தேநீர்க் கடை ஆகியவை செய்தியில் வரவில்லை.

காற்று மாசுபட்டு மூச்சு முட்டும் தில்லிக் குழந்தைக்கு நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த நாளை இங்குள்ளவர் யாரும் மறந்துவிடவில்லை. அதற்குப் பின்னும் ஆண்டுதோறும் சாவு நடக்கிறது. அவற்றுள் பல, பருவம் நெருங்கும்போது விரட்டி விரட்டி வேலை வாங்கும் மாதங்களில் நடக்கின்றன. கெடு என்று மேலே புகழ்ந்தேன் அல்லவா, அதன் மறுமுகம் இது. அச்சகத்தில் கெடு கழிந்தால் நூல் வராது. வெடி மருந்து அறையில் கெடு வேறுவகையில் கணக்குத் தீர்க்கும்.

பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த மாணவர் ஒருவர் இப்போது திருத்தங்கலில் காலண்டர் கட்டும் சிறு பட்டறை வைத்திருக்கிறார். ஆறேழு பேர் வேலை. தினசரித் தாள்களைக் கட்டி, அட்டையில் பொருத்தி, பெரிய நிறுவனங்களுக்குக் கூலிக்குச் செய்து தருவார். இப்பொருளைப் பற்றி எழுதப்போகிறேன் என்றபோது அவர் சொன்னார்: "ஐயா, எங்களுக்கு விழாவெல்லாம் வேண்டாம். விடுமுறைப் பட்டியல் பத்து நாள் முன்னாடி வந்தால் போதும்."

முதலில் எனக்குப் புரியவில்லை. அடுத்த ஆண்டுக்கான அரசு விடுமுறைப் பட்டியல் வெளிவந்த பிறகுதான் எந்தத் தேதியைச் சிவப்பில் அச்சிடுவது என்று உறுதியாகும். பட்டியல் தாமதமானால் தாள் தாமதம். தாள் தாமதமானால் கடைசி நிலையில் நிற்கும் அவர் பட்டறையில் முப்பது நாள் வேலையை இருபது நாளில் முடிக்க வேண்டும். அனுப்பும் நாளை மட்டும் யாரும் தள்ளிவைக்க மாட்டார்கள். அந்தப் பத்து நாளை ஈடுகட்டத்தான் முன்னறையில் இரவு விளக்கெரிகிறது. சிறு தொழிலுக்கு உதவுவது பற்றி நான் வாசித்த எத்தனையோ அறிக்கைகளில் இல்லாத ஒரு வேண்டுகோளை, செலவே இல்லாத ஒன்றை, பட்டறைத் தரையில் உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னார்.

2022 நவம்பரில் விருதுநகரில் மாவட்ட அளவில் முதல் புத்தகத் திருவிழா நடந்தது. இடம் அதே கே.வி.எஸ். பொருட்காட்சித் திடல். பிடி அரிசியில் எழுந்த பள்ளியின் மண். அப்பளமும் வளையலும் விற்ற இடத்தில் கரிசல் எழுத்தாளர்களின் நூல்கள். மாணவர்களை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். அரங்கு அரங்காகச் சுற்றிவிட்டு வெளியே வந்தால், திடலின் வாசலுக்கு அப்பால், உள்ளே இடம் கிடைக்காத ஒரு மூதாட்டி சாக்கு விரித்து வேர்க்கடலை அளந்துகொண்டிருந்தார். காலையிலிருந்து எவ்வளவு விற்றது பாட்டி என்று மாணவி ஒருத்தி கேட்டாள். "புத்தகம் வாங்கின பிள்ளைகளுக்குக் கடலை வாங்கக் காசு மிஞ்சணுமே தாயி," என்றார். நாங்கள் ஆளுக்கு ஒரு படி வாங்கிக்கொண்டு பேருந்து ஏறினோம். மடியில் வைத்திருந்த புத்தகங்களின் மேல் கடலைத் தோல் உதிர்ந்துகொண்டே வந்தது. சாத்தூர் சாலை திரும்பும்போது இருட்டிவிட்டது. காலண்டர் கட்டும் வீடுகளில் விளக்கேற்றும் நேரம்.